நாக்கின் அடியில் ஒரு மாத்திரை: இதயத்தின் சுமை குறைவது எப்படி?

இதயநோய்ப் பிரிவின் வெளிநோயாளர் அறையில் எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. சிறிய மாத்திரை அட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "இதை நாக்குக்கு அடியில் வைத்தால் அடைப்பு திறந்துவிடுமா, டாக்டர்?" என்று நோயாளியோ, துணைக்கு வந்த மகனோ மகளோ கேட்பார்கள். ஒரே வரியில் விடை கூறுவதென்றால், "அடைப்பு திறக்காது; ஆனால் வலி குறையும்" என்பதே எங்கள் விடை.

அடைப்பு அப்படியே இருக்கும்போது வலி மட்டும் எவ்வாறு குறைகிறது? இதைப் புரிந்துகொண்டவர்கள் அம்மாத்திரையை அச்சமின்றியும் அளவோடும் பயன்படுத்துகிறார்கள். புரிந்துகொள்ளாதவர்களில் இரு வகையினரை நாங்கள் காண்கிறோம். ஒரு சாரார், "இது கடைசி நேரத்து மருந்து" என்று அஞ்சி, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்கிறார்கள். மறு சாரார், மாத்திரை அடைப்பைக் கரைத்துவிடும் என நம்பி, ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வரும் நேரத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். இவ்விருவருக்காகவுமே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

நாம் பேசப்போவது நைட்ரேட் என்னும் மருந்துக் குடும்பத்தைப் பற்றி. நம் நாட்டில் மிகுதியாக வழங்கப்படுவது ஐசோசார்பைடு டைநைட்ரேட். சார்பிட்ரேட் என்ற வணிகப் பெயரால் பலரும் அறிந்தது. நைட்ரோகிளிசரின் அதே குடும்பத்தின் மூத்த உறுப்பினர். இரத்தக் குழாய்களை விரிவடையச் செய்வது இம்மருந்துகளின் வேலை.

இதயத்தின் வரவும் செலவும்

ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒருவரின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 முறை துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பிலும் சுமார் 70 மில்லிலிட்டர் இரத்தத்தைப் பெருந்தமனிக்குள் தள்ளுகிறது. பெருக்கிப் பார்த்தால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர். நம் உடலிலுள்ள இரத்தம் முழுவதும் ஒரு நிமிடத்தில் ஒரு சுற்று வந்துவிடுகிறது என்று பொருள். ஒரு நாளில் இதயம் துடிப்பது ஏறத்தாழ ஒரு இலட்சம் முறை.

இவ்வளவு உழைக்கும் தசைக்கு ஆக்சிஜன் எங்கிருந்து கிடைக்கிறது? தன் அறைகளை நிறைத்திருக்கும் இரத்தத்திலிருந்து இதயம் நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. பெருந்தமனியின் தொடக்கத்திலேயே பிரிந்து, இதயத்தின் மேற்பரப்பில் படர்ந்து செல்லும் கரோனரித் தமனிகள்தாம் அதற்கு உணவளிக்கின்றன. இதயம் தள்ளும் இரத்தத்தில் சுமார் 5 விழுக்காடு இவற்றின் வழியே செல்கிறது.

இங்கே ஒரு தனித்தன்மையைக் கவனிக்க வேண்டும். உடலின் பிற பகுதிகள் தம்மிடம் வரும் இரத்தத்திலுள்ள ஆக்சிஜனில் சராசரியாகக் கால் பங்கை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. தேவை கூடினால் மீதியிலிருந்து மேலும் எடுத்துக்கொள்ளலாம். இதயத் தசையோ ஓய்வு நேரத்திலேயே ஏறத்தாழ 70 விழுக்காட்டை எடுத்துவிடுகிறது. கையிருப்பு மிகக் குறைவு. ஆகையால் படி ஏறும்போதும், பேருந்தைப் பிடிக்க விரையும்போதும், கோபம் கொள்ளும்போதும் கூடுதல் ஆக்சிஜன் வேண்டுமெனில், கூடுதல் இரத்தம் பாய்ந்தாக வேண்டும். ஆரோக்கியமான கரோனரித் தமனிகள் இவ்வோட்டத்தை நான்கு ஐந்து மடங்கு வரை உயர்த்தவல்லவை. கொழுப்புப் படிந்து குறுகிய தமனியால் அது இயலாது. அப்போது செலவு மிஞ்சி வரவு போதாமற் போகிறது. அந்தப் பற்றாக்குறையின் குரலே நெஞ்சின் நடுவே அழுத்துவதுபோல் எழும் வலி. மருத்துவத்தில் இதனை ஆஞ்சைனா என்கிறோம்.

பற்றாக்குறையைத் தீர்க்க வழிகள் இரண்டே. வரவை உயர்த்தலாம், அல்லது செலவைக் குறைக்கலாம். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை முதன்மையாகச் செய்வது இரண்டாவதை.

வாளியும் கிணறும்

கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய உழைப்பு மூன்றைப் பொறுத்தது. வாளி எவ்வளவு பெரியது, கிணறு எவ்வளவு ஆழமானது, நிமிடத்துக்கு எத்தனை முறை இறைக்கிறார் என்பனவே அவை. இதயத்துக்கும் இதே கணக்குதான். இதய அறைக்குள் வந்து நிரம்பும் இரத்தத்தின் அளவு வாளியைப் போன்றது. எந்த அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தை வெளியே தள்ள வேண்டுமோ, அது கிணற்றின் ஆழத்தைப் போன்றது. நாடித்துடிப்பு இறைக்கும் வேகம்.

நம் உடலிலுள்ள இரத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு எப்போதும் சிரைகளில்தான் இருக்கிறது. தமனிகள் தடித்த சுவருடைய விறைப்பான குழாய்கள். சிரைகளோ மெல்லிய சுவருடையவை. தளர்ந்தால் நிறைய இரத்தத்தைத் தம்முள் தாங்கிக்கொள்ளக் கூடியவை. வழக்கமான சிறிய அளவில் கொடுக்கப்படும் நைட்ரேட் முதலில் தளர்த்துவது தமனிகளைவிடச் சிரைகளையே. கால்களிலும் வயிற்றிலும் உள்ள சிரைகள் விரிந்து சிறிது இரத்தத்தைத் தம்மிடமே நிறுத்தி வைத்துக்கொள்கின்றன. அந்த அளவுக்கு இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைகிறது. வாளி சிறிதாகிறது.

வாளி சிறிதானால் வேறொரு நன்மையும் உண்டு. நன்றாக ஊதிய பலூனின் சுவர் விறைத்து நிற்பதையும், சற்றே காற்று இறங்கிய பலூனின் சுவர் தளர்ந்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள். இதயத்தின் இடது கீழறையும் அளவில் சற்றுச் சுருங்கும்போது அதன் சுவரின் இறுக்கம் குறைகிறது. சுவரின் இறுக்கம் குறைந்தால் ஆக்சிஜன் தேவையும் குறைகிறது. அதோடு, இதயத் தசைக்கு இரத்தம் பெரும்பாலும் பாய்வது அது சுருங்கும் கணத்தில் அன்று, தளரும் கணத்தில்தான். தளரும்போது உள்ளறையின் அழுத்தம் குறைவாக இருந்தால், தசையின் உட்புற அடுக்குகளுக்கு இரத்தம் எளிதாகச் சென்று சேர்கிறது. ஆஞ்சைனாவில் முதலில் வாடுவது அந்த உட்புற அடுக்குகளே.

மருந்தின் அளவு கூடும்போது தமனிகளும் தளர்கின்றன. இரத்த அழுத்தம் இறங்குகிறது. கிணற்றின் ஆழமும் குறைகிறது. ஆனால் அழுத்தம் இறங்குவதை உணரும் உடல், ஈடுகட்டுவதற்காக நாடித்துடிப்பை விரைவாக்குகிறது. இறைக்கும் வேகம் கூடினால் உழைப்பும் கூடும் அல்லவா? ஆகவேதான் ஆஞ்சைனா உள்ள பலருக்கு, துடிப்பைக் கட்டுக்குள் வைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளையும் உடன் எழுதுகிறோம். "இரண்டு மாத்திரை எதற்கு? ஒன்றை நிறுத்திக்கொள்ளலாமே" என்று நீங்களாகவே முடிவெடுக்க வேண்டாம் என்று நாங்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

குழாய் தளர்வதன் இரகசியம்

இரத்தக் குழாயின் உட்புறத்தை மெல்லிய உயிரணுப் படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்னும் வாயுவை மிகச் சிறிய அளவில் ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. அவ்வாயு பக்கத்திலுள்ள தசை அணுக்களுக்குள் ஊடுருவி, சைக்ளிக் ஜிஎம்பி என்னும் வேதிப்பொருளைப் பெருக்குகிறது. அப்பொருள் பெருகும்போது தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. புகைபிடித்தல், சர்க்கரை நோய், உயர் இரத்த அழுத்தம், மிகைக் கொழுப்பு ஆகியவை இப்படலத்தைப் பழுதாக்குகின்றன. பழுதான படலத்தால் போதிய வாயுவைச் சுரக்க முடிவதில்லை. நைட்ரேட் மருந்தோ உடலுக்குள் சென்று தானே நைட்ரிக் ஆக்சைடாக மாறி, அந்தக் குறையை வெளியிலிருந்து ஈடுசெய்கிறது.

இம்மருந்தின் வரலாறு வெடிமருந்துக் கிடங்கில் தொடங்குகிறது. 1847ஆம் ஆண்டு இத்தாலியின் டுரின் நகரில் அஸ்கானியோ சொப்ரேரோ என்ற வேதியியலாளர் நைட்ரோகிளிசரினை உருவாக்கினார். அதைச் சிறிது நாவில் வைத்துப் பார்த்தபோது கடுந்தலைவலி உண்டாவதையும் அவர் குறித்துவைத்தார். 1867இல் ஆல்ஃபிரட் நோபெல் அதே பொருளைக் கொண்டு டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதே 1867இல் எடின்பரோவில் தாமஸ் லாடர் பிரன்டன் என்ற இளம் மருத்துவர், இரத்த அழுத்தத்தைத் தணித்தால் நெஞ்சுவலி தணியலாம் என்று கருதி, நைட்ரேட்டுக்கு நெருங்கிய உறவான அமைல் நைட்ரைட்டை நோயாளிகளை முகரச் செய்து, வலி விரைந்து தணிவதைக் கண்டார். 1879இல் இலண்டனைச் சேர்ந்த வில்லியம் மரெல், நைட்ரோகிளிசரினை மிகச் சிறிய அளவில் ஆஞ்சைனாவுக்கு மருந்தாகக் கொடுத்துப் பெற்ற அனுபவத்தை வெளியிட்டார்.

நோபெலின் வாழ்க்கை இங்கே ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. அவருடைய இறுதி ஆண்டான 1896இல் அவரது இதய நோய்க்கு மருத்துவர்கள் பரிந்துரைத்தது நைட்ரோகிளிசரின்தான். அதை ஊழின் நகைப்பு என்று தம் கடிதம் ஒன்றில் அவர் குறிப்பிட்டார். மருந்துக் கடையினரும் மக்களும் அஞ்சாதிருக்க அதற்கு வேறு பெயர் சூட்டியிருப்பதையும் எழுதினார். அம்மருந்து எவ்வாறு வேலை செய்கிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாது. நைட்ரிக் ஆக்சைடே இரத்தக் குழாய்களுக்குச் செய்தி சொல்லும் வாயு என்பதைக் கண்டறிந்ததற்காக ராபர்ட் ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998இல் மருத்துவத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மாத்திரையைப் பயன்படுத்துவோர் பலர், "தலை விண்விண்ணென்று வலிக்கிறது" என்பர். சொப்ரேரோவுக்கு வந்த அதே தலைவலிதான் அது. தலையிலுள்ள இரத்தக் குழாய்களும் விரிவதால் வருவது. பெரும்பாலும் சிறிது நேரத்தில் அடங்கிவிடும். முகம் சிவப்பதும், மாத்திரை கரையும் இடத்தில் இலேசான எரிச்சலும் அத்தகையவையே. இவை இல்லாவிட்டால் மாத்திரை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டவும் வேண்டா. காலாவதித் தேதியைப் பாருங்கள், அதுவே நம்பத்தக்க சான்று.

அப்படியானால் அடைப்புக்கு ஒன்றும் செய்யாதா?

கரோனரித் தமனிகளையும் இம்மருந்து ஓரளவு விரிக்கிறது என்பது உண்மை. குழாயின் ஆரம் சற்றே கூடினாலும் அதன் வழியே ஓடும் இரத்தம் பன்மடங்கு கூடும். அடைப்பு உள்ள இடத்தின் சுவரில் ஒரு பக்கமேனும் தசை நெகிழும் நிலையில் இருந்தால், அந்த இடமும் சிறிது விரியக்கூடும். அருகிலிருந்து வரும் கிளைக் குழாய்களும் விரிந்து உதவுகின்றன. கொழுப்புப் படிவு அதிகமின்றி, தமனி தானாகவே இறுகிச் சுருங்குவதால் சிலருக்கு நெஞ்சுவலி வருவதுண்டு. அவர்களுக்கு இம்மருந்து தமனியைத் தளர்த்தியே நிவாரணம் தருகிறது.

ஆனால், படிந்த கொழுப்பை இது கரைக்காது. சுண்ணம் ஏறிக் கெட்டியான படிவைத் தளர்த்தாது. அனைத்துக்கும் மேலாக, படிவு வெடித்து அதன்மேல் இரத்தம் உறைந்து தமனியை முற்றாக அடைத்துவிட்டால், அந்த உறைகட்டிக்கு இம்மாத்திரையால் எதுவும் செய்ய இயலாது. அதுதான் மாரடைப்பு. அங்கே தேவைப்படுவது உறைவைக் கரைக்கும் ஊசி மருந்து அல்லது ஆஞ்சியோபிளாஸ்டி. அவையும் எவ்வளவு விரைவாகக் கிடைக்கின்றனவோ அவ்வளவுக்கே தசையைக் காப்பாற்றும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலையில் எங்களிடம் அழைத்து வரப்பட்ட பெரியவர் ஒருவரை நாங்கள் மறக்கவில்லை. முந்தைய இரவு பதினொரு மணிக்கு அவருக்கு நெஞ்சுவலி தொடங்கியிருக்கிறது. மாத்திரை வைத்தார், சற்றுக் குறைந்தது. ஒரு மணிக்கு மீண்டும் வலி. மீண்டும் ஒரு மாத்திரை. "ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று மனைவி கெஞ்சியபோது, "மாத்திரைக்குக் கேட்கிறது, பொழுது விடியட்டும்" என்றாராம். நான்கு மாத்திரைகள் தீர்ந்து, உடல் வியர்த்து, பேச்சுக் குழறிய பிறகே வண்டி வரவழைத்தார்கள். அடைப்பைத் திறந்தோம்; உயிர் பிழைத்தார். ஆயினும் அந்த ஐந்தரை மணி நேரத்தில் இழந்த இதயத் தசை திரும்ப வரவில்லை. நாள்தோறும் வயலுக்கு நடந்து சென்றவர், இன்று தெருமுனை வரை சென்று திரும்பவே மூச்சு வாங்குகிறார். மாத்திரை அவருக்குத் தீங்கு செய்யவில்லை. வாளியைச் சிறிதாக்கி வலியைத் தணிக்கும் தன் வேலையைச் செய்தது. வலி தணிந்ததை அடைப்பு தணிந்ததாக எடுத்துக்கொண்டதே பிழை.

இதனால் விளையும் இன்னொரு பாடமும் உண்டு. மாத்திரைக்கு வலி குறைந்தால் அது இதய வலி, குறையாவிட்டால் வாயுத் தொல்லை என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட முடியாது. உணவுக்குழாய் இறுகுவதால் வரும் வலியும் இம்மாத்திரைக்குக் குறைவதுண்டு. மாரடைப்பின் வலி குறையாமலே இருப்பதும் உண்டு. இது சோதனைக் கருவியன்று. ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் செய்ய வேண்டிய வேலையை மாத்திரையிடம் ஒப்படைக்க வேண்டாம்.

ஏன் நாக்கின் அடியில்? ஏன் உட்கார்ந்து?

நாக்கின் அடிப்பகுதியில் தோல் மெல்லியது; கீழே சிரைகள் நிறைந்துள்ளன. அங்கே கரையும் மருந்து நேரே இரத்தத்தில் கலந்து, சில நிமிடங்களில் வேலையைத் தொடங்குகிறது. விழுங்கினால் மருந்து குடலிலிருந்து முதலில் கல்லீரலுக்குச் செல்கிறது. கல்லீரல் அதன் பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகிறது. மிஞ்சியதும் தாமதமாகவே வந்து சேரும். ஆகவே, தண்ணீருடன் விழுங்காதீர்கள். வாய் வறண்டிருந்தால் ஒரு மிடறு நீரால் நாவை நனைத்துவிட்டு, பின்னர் மாத்திரையை வையுங்கள். கரையும்வரை எச்சிலை விழுங்காமல் இருப்பது நல்லது.

நின்றுகொண்டு வைத்தால், விரிந்த சிரைகளால் கால்களில் இரத்தம் தங்கி, மூளைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து மயங்கி விழ நேரிடும். குளியலறையில் நின்றபடி மாத்திரை வைத்துக்கொண்டு, கீழே விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வந்தவர்களும் உண்டு. முற்றாகப் படுத்தாலோ, கால்களில் தங்க வேண்டிய இரத்தம் இதயத்துக்கே திரும்பி, மருந்தின் பயன் குறையும். நாற்காலியில் சாய்ந்து அமர்வதே தகுந்த நிலை. மாத்திரை வைத்த பின் தலை சுற்றினால் மட்டும் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள்.

இரவு மாத்திரை ஏன் இல்லை?

வலி வராமல் தடுப்பதற்காக நாள்தோறும் விழுங்கும் நைட்ரேட் மாத்திரைகளும் உண்டு. "காலை எட்டு மணிக்கு ஒன்று, பிற்பகல் இரண்டு மணிக்கு ஒன்று என்கிறீர்களே, இரவுக்கு வேண்டாமா?" என்று பலர் வியப்பர். இதற்கும் வெடிமருந்துத் தொழிற்சாலைகளிலிருந்தே பாடம் கிடைத்தது. அங்கே பணியாற்றியவர்களுக்குத் திங்கட்கிழமை காலையில் கடுந்தலைவலி வரும். வாரம் செல்லச் செல்ல உடல் நைட்ரோகிளிசரினுக்குப் பழகித் தலைவலி மறையும். விடுமுறை கழிந்து திரும்பினால் மீண்டும் வரும். இதைத் திங்கட்கிழமை நோய் என்றே அழைத்தனர். அவர்களுள் சிலருக்கு விடுமுறை நாளில் நெஞ்சுவலி வந்ததும் பதிவாகியுள்ளது.

இதிலிருந்து அறிவன இரண்டு. நைட்ரேட் நாள் முழுவதும் இரத்தத்தில் இருந்துகொண்டே இருந்தால் இரத்தக் குழாய்கள் அதற்குச் செவிசாய்க்க மறுத்துவிடும். எனவே ஒவ்வொரு நாளும் பத்து மணி நேரத்துக்குக் குறையாத மருந்தில்லா இடைவெளி தேவை. பெரும்பாலோருக்கு அது இரவாக அமைகிறது. மற்றொன்று, நெடுநாள் எடுத்த நைட்ரேட்டைத் திடீரென நிறுத்தினால் வலி திரும்பக்கூடும். பயணம் செல்லும்போது மாத்திரை தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்களிடம் மறைக்கக் கூடாத செய்திகள்

ஆண்மைக் குறைவுக்காக எடுக்கப்படும் சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற மாத்திரைகளைப் பற்றிப் பேசப் பலர் கூசுகிறார்கள். துணைவர் உடனிருந்தால் இன்னும் கூசுகிறார்கள். ஆயினும் சொல்லியே ஆக வேண்டும். நைட்ரேட் சைக்ளிக் ஜிஎம்பியைப் பெருக்குகிறது என்றோம். இம்மாத்திரைகளோ அப்பொருள் சிதைவதைத் தடுக்கின்றன. தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டு, வடிகாலையும் அடைத்தால் என்ன ஆகும்? இரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரியலாம். சில்டெனாஃபில் எடுத்த 24 மணி நேரத்துக்குள்ளும், டடாலாஃபில் எடுத்த 48 மணி நேரத்துக்குள்ளும் நைட்ரேட் வைக்கக் கூடாது. டடாலாஃபில் புராஸ்டேட் வீக்கத்துக்கும், இவ்விரு மருந்துகளும் நுரையீரல் தமனியின் உயர் அழுத்தத்துக்கும் வழங்கப்படுவதுண்டு. ஆகவே அவற்றை உட்கொள்வோர் அனைவரும் எந்த மருத்துவரிடமும் தயங்காமல் சொல்லுங்கள். நெஞ்சுவலியுடன் அவசரப் பிரிவுக்கு வரும் ஆண்களிடம் எங்கள் மருத்துவர்கள் இதைக் கேட்பது வம்புக்காக அன்று.

பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியவர்கள், இதயத் தசை தடித்து இரத்தம் வெளியேறும் வழி குறுகியவர்கள், இரத்த அழுத்தம் ஏற்கெனவே தாழ்ந்திருப்பவர்கள் ஆகியோருக்கும் இம்மருந்து தீங்காகலாம். மாரடைப்பு வலது கீழறையைத் தாக்கியிருந்தாலும் அழுத்தம் சட்டென இறங்கிவிடும். மது அருந்தியிருந்தால் விளைவு இன்னும் கடுமையாகும். பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டால் உங்கள் அட்டையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பது பரிவான செயல்தான். ஆனால் அவருக்கு எந்த நோய் உள்ளது, எந்த மருந்தை எடுக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்காக 108ஐ அழைப்பதே மேலான உதவி.

வலி வந்தால் செய்ய வேண்டியவை

1. செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி உடனே அமருங்கள். அருகிலிருப்பவரை அழையுங்கள்.

2. உங்களுக்கு எழுதித்தரப்பட்ட ஒரு மாத்திரையை நாக்கின் அடியில் வையுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள்.

3. ஐந்து நிமிடங்களில் வலி குறையாவிட்டாலோ, கூடினாலோ 108ஐ அழையுங்கள். இரண்டாவது மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் மருத்துவர் முன்பே கூறியபடி முடிவு செய்யுங்கள். ஆனால் அதற்காக அழைப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

4. வியர்வை, மூச்சுத் திணறல், மயக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி ஆகியவை இருந்தால் ஐந்து நிமிடமும் காத்திருக்க வேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியோருக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலி தெளிவாக இல்லாமல் இவை மட்டுமே தோன்றலாம்.

5. நீங்களே வண்டி ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

6. வலி முற்றாக நின்றுவிட்டாலும், வழக்கத்தைவிட அடிக்கடி வருகிறது, குறைந்த உழைப்பிலேயே வருகிறது, அல்லது ஓய்விலும் உறக்கத்திலும் வருகிறது என்றால் அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து வேறு டப்பாவில் போட்டு வைக்க வேண்டாம். அடுப்பின் அருகிலும், வெயிலில் நிற்கும் வண்டியிலும் வைக்க வேண்டாம். வீட்டில் அது இருக்கும் இடம் உங்களுக்கு மட்டுமன்றி, உடன் வாழ்வோர் அனைவருக்கும் தெரிந்திருக்கட்டும். படி ஏறுவதற்கோ வெளியே புறப்படுவதற்கோ சற்றுமுன் இதை வைத்துக்கொள்ளுமாறு உங்கள் மருத்துவர் கூறியிருந்தால், அவ்வாறே அஞ்சாமல் செய்யலாம். இது கடைசி நேரத்து மருந்தன்று.

இந்தச் சிறிய மாத்திரை களைத்த இதயத்தின் கையிலிருந்து பெரிய வாளியை வாங்கிக்கொண்டு சிறிய வாளியைக் கொடுக்கிறது. அந்த ஓய்வு சிறிது நேரத்துக்கே. அதற்குள் வலி நீங்காவிடில், அந்த நேரத்தை மருத்துவமனையை வந்தடைவதற்குப் பயன்படுத்துங்கள். அடைப்பைத் திறக்கும் பணி எங்களுடையது. நேரத்தோடு வந்து சேர்வது உங்கள் கையில் உள்ளது.